வாக்குறுதி மட்டும் போதுமா?

வைத்தியரிடமும் வக்கீலிடமும் சொல்லக் கூசும் சங்கதிகளை இன்று மனிதன் தேடுபொறியிடம் தயங்காமல் கேட்டுவிடுகிறான். நோய், கடன், வழக்கு, அரசியல் கொள்கை யாவும் அக்கேள்விகளில் அடங்கியிருக்கின்றன. 2006-ம் வருஷத்தில் அமெரிக்காவின் ஏ.ஓ.எல். கம்பெனி, சுமார் 6,50,000 பேர் தேடிய சொற்களை, பெயர்களை நீக்கி எண்களிட்டு வெளியிட்டது. அவற்றுள் ஓர் எண்ணுக்குரிய மூதாட்டியை, அவர் தேடிய சொற்களைக் கொண்டே பத்திரிகை நிருபர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். பெயரை மறைத்ததனால் ஆள் மறைந்துவிடவில்லை.

இத்தகைய அச்சத்தினாலேயே பலர் கூகிளை விட்டு வேறு தேடுபொறிகளை நாடுகின்றனர். அது நியாயமே. ஆனால், 'உங்களைப் பின்தொடர மாட்டோம்' என்ற விளம்பரத்தைக் கண்டதும் நம்பிவிடலாமா? நியாயஸ்தலத்தில் சாட்சி சொல்லுவதை மட்டுமா கேட்கிறோம்? அவனுக்குப் படியளப்பவர் யார் என்றும் விசாரிக்கிறோம் அல்லவா?

2008-ல் தோன்றிய டக்டக்கோ, தேடுபவர் இன்னார் என்று பதிவு செய்வதில்லை என்கிறது. எனினும், அதன் விடைகளில் பெரும்பகுதி மைக்ரோஸாப்டின் பிங்கிலிருந்து வருவது. ஆளைப் பின்தொடரும் நிரல்களைத் தடுப்பதாகச் சொன்ன அதன் பிரௌஸர், மைக்ரோஸாப்டின் நிரல்கள் சிலவற்றை மட்டும் ஒப்பந்தங் காரணமாக விட்டுவைத்தது 2022 மே மாதத்தில் அம்பலமாயிற்று. கண்டனம் எழுந்த பின்னரே, ஆகஸ்டில், தடை விரிவாக்கப்பட்டது. கூகிளின் விடைகளைப் பெற்றுத் தரும் ஹாலந்து தேசத்து ஸ்டார்ட்பேஜில், விளம்பரக் கம்பெனி ஒன்றின் கிளை முதலீடு செய்தது 2019-ல் தெரியவந்தபோதும் ஐயம் எழாமலில்லை.

இவர்களை மோசக்காரர்கள் என்று நாம் கூறவில்லை. கேட்டதையெல்லாம் சேர்த்து வைப்பவனைவிடச் சேர்க்காதவன் மேல் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும், அயலான் கிணற்றில் நீர் இறைப்பவன் கிணற்றுக்காரனுடைய தயவில் இருக்கிறான். பிங்கின் விடைகளைச் சிறு கம்பெனிகள் விலைக்கு வாங்கிவந்த வழியை 2025 ஆகஸ்டில் மைக்ரோஸாப்ட் மூடிவிட்டது. இங்கிலாந்தின் மோஜீக்கைப் போல, வலைப்பக்கங்களைத் தானே படித்துச் சொந்த அட்டவணை தயாரிப்பது கடினமான வேலையே; ஆனால் சுதந்திரத்துக்கு அதுவே அஸ்திவாரம்.

ஆகவே, எந்தத் தேடுபொறியையும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அட்டவணை யாருடையது? வருமானம் எங்கிருந்து வருகிறது? அது சொல்லுவதை அந்நியர் ஒருவர் சோதித்துப் பார்க்க இடமுண்டா? இவற்றுக்குத் தெளிவான விடை தராத ஸ்தாபனத்திடம் நம் அந்தரங்கத்தை ஒப்படைப்பது விவேகமாகாது.