எண்ணும் புள்ளியும்



ஒரு நூல் பெறவேண்டிய அழகுகள் பத்து என்று வகுத்தார், நன்னூல் செய்த பவணந்தி முனிவர். பொருள்களை உரிய முறையில் வரிசைப்பட வைத்தல் அவற்றுள் ஒன்று. பனையோலையில் எழுதிய காலத்தில் வகுத்த அவ்விலக்கணம் இன்று கணிப்பொறித் திரையில் எழுதுவோர்க்கும் பொருந்துகிறது. அதிலும் பட்டியல் எழுதும்போது மிகுதியாகப் பொருந்துகிறது.

பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் முன்னே ஒரு குறி நிற்கிறது. அக்குறி எழுதுவோன் படிப்போனுக்குத் தரும் வாக்கு எனலாம். எண் நின்றால், ‘இவற்றை இவ்வரிசையிலேயே கொள்க’ என்று பொருள். அல்லது, ‘இதனைப் பின்னர் இவ்வெண்ணால் சுட்டுவேன்’ என்று பொருள். புள்ளி நின்றால், எதனை முன்னர்ப் படிப்பினும் குற்றமில்லை என்பது கருத்து. அ, ஆ, இ என எழுத்து நின்றால், அது ஓர் எண்ணின் உட்பிரிவு என்று உணர்கிறோம். ஒரு பக்கத்தில் தந்த வாக்கை மறு பக்கத்தில் மாற்றினால் படிப்போன் தடுமாறுவான்.

இத்தடுமாற்றத்தின் விலையை அறியப் போச்சம்பள்ளியை எடுத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வட்டத்தில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்துள்ளது. கர்நாடகமும் ஆந்திரமும் எல்லையாக உள்ள மாவட்டம் ஆதலின், தமிழுடன் தெலுங்கும் கன்னடமும் உருதும் இங்கு வழங்குகின்றன. ஆலையில் வைக்கவேண்டிய சட்ட அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளருள் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் இருத்தல் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தன் 108-ஆம் பிரிவில் விதித்தது. இரு மொழித் தாள்கள் ஒரே சுவரில் அருகருகே தொங்கும்போது, இரண்டையும் இணைக்கும் பாலம் எண்தான். ஒருவர் கன்னடத் தாளைப் பார்த்து ‘நான்காவதைச் செய்’ என்றால், தமிழ்த் தாளிலும் நான்காவதாக அதே செயல் இருத்தல் வேண்டும்.

இயந்திரம் ஒன்றைத் துடைக்கும் முறையை நாம் எழுதுவதாகக் கொள்வோம்.

1. இயந்திரத்தை நிறுத்துக.
2. மின்சாரத்தைத் துண்டிக்க.
3. மின்விசைப் பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொள்க.
4. பொத்தானை அழுத்தி, இயந்திரம் ஓடவில்லை என உறுதி செய்க.
5. மூடியைத் திறந்து துடைக்க.

தாளின் அடியில், ‘4-ஆம் படி முடியுமுன் மூடியைத் தொடாதே’ என்றோர் எச்சரிக்கையும் எழுதுகிறோம். சில நாள் கழித்து, ‘அருகில் இருப்போர்க்கு அறிவிக்க’ என்னும் புதிய படி முதலிடத்தில் சேர்கிறது. பழைய 4 இப்போது 5 ஆகிவிட்டது. எச்சரிக்கையோ 4 என்றே நிற்கிறது. அதனை நம்பும் தொழிலாளி பூட்டியவுடனே மூடியில் கை வைப்பான். தவறான பெட்டியைப் பூட்டியிருந்தால் அதனைக் காட்டிக்கொடுக்கும் சோதனை விடுபட்டுப் போகும். ஓர் எண் பிழைக்க, ஒருவன் விரல்கள் ஆபத்துக்குள்ளாகின்றன.

இதனைத் தடுக்கும் வழி சொற்செயலியிலேயே உள்ளது. 1, 2 என்று நாமே விசையைத் தட்டி எழுதினால், கணிப்பொறிக்கு அவை வெறும் எழுத்துகளே. பட்டியல் வசதியைக்கொண்டு இட்டால், எண்ணைக் கணக்கிடும் பொறுப்பைக் கணிப்பொறி ஏற்றுக்கொள்ளும்; இடையில் ஒரு வரி சேர்த்தால் பின்வரும் எண்கள் தாமே மாறும். இதற்கும் மேலான வசதி ‘ஸ்டைல்’ எனப்படுவது. எண்ணின் வடிவு, உள்ளடங்கிய தூரம், வரி இடைவெளி ஆகியவற்றை ஒரு பெயரில் ஒருமுறை அமைத்துவிட்டு, பட்டியல் வரும் இடந்தோறும் அப்பெயரையே சுட்டலாம். பின்னர் அவ்வமைப்பை ஓரிடத்தில் மாற்றினால் நூறு பக்கத்திலும் மாறிவிடும். எச்சரிக்கையில் வரும் ‘4’ என்பதையும் கையால் எழுதாமல், அப்படியையே சுட்டும் இணைப்பாக இடுதல் வேண்டும். ஆனால் இவ்விணைப்பு உடனுக்குடன் மாறுவதன்று. வேர்ட் செயலியில் முழு ஆவணத்தையும் தேர்ந்து எஃப் 9 விசையை அழுத்திப் புதுப்பித்தல் நன்று.

தமிழில் எழுதுவோர்க்குத் தனியே ஓர் எச்சரிக்கை உண்டு. தமிழ் எண்களுள் ஒன்றைக் குறிக்கும் ‘௧’ என்பது ‘க’ போலவும், இரண்டைக் குறிக்கும் ‘௨’ என்பது ‘உ’ போலவும், எட்டைக் குறிக்கும் ‘௮’ என்பது ‘அ’ போலவும் தோன்றும். கண்ணுக்கு ஒத்தவை எனினும் கணிப்பொறியில் அவற்றின் குறியீடுகள் வேறு. தமிழ் எண்ணையும் எழுத்தையும் ஒரே பட்டியலில் கலந்தால், எட்டாவது பகுதியா, ‘அ’ உட்பிரிவா என்று விளங்காது. ஆதலின் பெரும்பிரிவுக்கு 1, 2, 3 என்றும், உட்பிரிவுக்கு அ, ஆ, இ என்றும் முதலிலேயே முடிவு செய்து, இறுதிவரை அதனையே பின்பற்றுக.

எண்கள் தாமே மாறுவது எப்பொழுதும் நன்றா? இவ்வினாவிற்கு நம் அரசமைப்புச் சட்டம் விடை தருகிறது. 1948-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வரைவுக் குழு அளித்த வரைவில் 315 பிரிவுகள் இருந்தன. 1949-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் ஏற்கப்பட்டபோது அவை 395 ஆயின. அடிப்படை உரிமைகளுக்காக உச்ச நீதிமன்றத்தை அணுகும் உரிமையைத் தருவதும், டாக்டர் அம்பேத்கர் சட்டத்தின் உயிரும் இதயமும் எனப் போற்றியதும் ஆகிய பிரிவு வரைவில் 25-ஆக இருந்தது. இறுதியில் 32 ஆயிற்று. வரைவுக் காலத்தில் எண்கள் இவ்வாறு நகர்ந்தன. சட்டமானபின் நகரவில்லை. 1978-ஆம் ஆண்டின் 44-ஆம் திருத்தம் சொத்துரிமை பற்றிய 31-ஆம் பிரிவை நீக்கியது. அதற்காக 32 என்பது 31 ஆகவில்லை. 2002-ஆம் ஆண்டின் 86-ஆம் திருத்தம் 6 முதல் 14 வயது வரையுள்ள சிறார்க்குக் கல்வியுரிமை தந்தபோது, அதற்கு 21-ஏ என்று பெயரிட்டு 21-க்கும் 22-க்கும் இடையே வைத்தார்கள். ஏன்? எண்ணற்ற தீர்ப்புகளும் நூல்களும் பழைய எண்களைச் சுட்டுகின்றன. எண்களை நகர்த்தினால் அவையனைத்தும் ஒரே நாளில் பொய்த்துவிடும்.

எனவே, எழுதும் காலத்தில் எண்ணைக் கணிப்பொறியிடம் விடுக. வெளியிட்ட பின்னர், பிறர் சுட்டத் தொடங்கிய எண்ணை மாற்றாது காக்க. மாற்றியே ஆகவேண்டுமாயின், பழைய தாளை அகற்றி, திருத்திய நாளைக் குறித்த புதிய தாளை எல்லா மொழிகளிலும் ஒருங்கே ஒட்டுக.

நீங்கள் ஆய்வேடோ செய்முறைக் குறிப்போ எழுதி முடித்ததும், சொற்களை விடுத்துக் குறிகளை மட்டும் மேலிருந்து கீழாக ஒருமுறை படித்துப் பாருங்கள். எண் நிற்கும் இடத்தில் வரிசை உண்டா, புள்ளி நிற்கும் இடத்தில் வரிசை தேவையில்லையா, சுட்டிய எண் சரியான வரியைச் சுட்டுகிறதா என்று பாருங்கள். இதற்குச் செலவாவது ஐந்து நிமிடம். உங்கள் தாளை நம்பி நாளை இயந்திரத்தின் முன் நிற்கப்போகிறவர், அந்த ஐந்து நிமிடத்திற்கு உரிமை உடையவர்.