சஃபாரி செல்கிறீர்களா? உடையின் நிறத்தையும் கவனியுங்கள்

கோடை விடுமுறையில் கென்யாவின் மசாய் மாரா, தான்சானியாவின் செரங்கெட்டி போன்ற வனங்களுக்குச் செல்லும் எம்மவர் குடும்பங்கள் பல. தடுப்பூசி பற்றியும் மலேரியாக் குளிசை பற்றியும் வைத்தியர்களாகிய எம்மிடம் கேட்பார்கள். உடையின் நிறம் பற்றி எவரும் கேட்பதில்லை. ஆனால் அதுவும் சுகாதார விடயமே.

காரணம் செட்சி ஈ. பகலில் கடிக்கும் இந்த ஈ, ஓடும் வாகனத்தையும் துரத்தி வரும். மெல்லிய துணிக்கு மேலாலும் கடிக்கும். நீலமும் கறுப்பும் இதனை வெகுவாகக் கவரும். தான்சானியாவின் தரங்கிரே போன்ற இடங்களில் நீல, கறுப்புத் துணிகளில் பூச்சிமருந்து பூசி மரங்களில் தொங்கவிட்டிருப்பது இதனால்தான். எமது பிள்ளைகளின் நீல ஜீன்ஸ், கறுப்பு ஜக்கற், நீலப் புத்தகப் பை எல்லாம் அதே நிறங்கள்தானே!

நுளம்புகளும் கடும் நிறங்களை நாடுபவை. எனவே காக்கி, மண் நிறம், வெளிர் பச்சை ஆகியவையே நல்லவை. இந்நிறங்களில் உண்ணி ஏறினாலும் உடனே தெரியும். வெள்ளை விரைவில் புழுதி படியும். நடந்து விலங்குகளைப் பார்க்கும்போது தூரத்திலேயே காட்டிக் கொடுத்துவிடும்.

இராணுவச் சீருடை போன்ற புள்ளியிட்ட பச்சை உடைகளை வாங்கவே வேண்டாம். சிம்பாப்வே, உகண்டா போன்ற நாடுகளில் பொதுமக்கள் அவற்றை அணிவது சட்டவிரோதம். சிறுவர்களின் தொப்பி, பைகளையும் பார்த்து எடுங்கள்.

நிறம் மட்டும் எம்மைக் காப்பாற்றாது. நீளக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, சற்றுத் தடித்த துணி அவசியம். பெர்மெத்ரின் மருந்தை உடையில் மட்டுமே தெளிக்க வேண்டும், தோலில் அல்ல. தோலுக்கு டீட் கலந்த பூச்சு உண்டு. ஆனால் செட்சி ஈக்கு இவை அவ்வளவாக அஞ்சுவதில்லை. ஆகவே நிறமும் துணியுமே முதற் காவல். மலேரியாக் குளிசையை ஊர் திரும்பிய பின்பும் சொன்ன நாள்வரை எடுக்க வேண்டும்.

செட்சி ஈ பரப்பும் தூக்க நோய் பயணிகளுக்கு அரிதாகவே வரும். ஆனால் சிகிச்சையின்றி விட்டால் உயிரைப் பறிக்கும். கடித்த இடத்தில் நோவுடன் வீக்கம், காய்ச்சல், தலையிடி ஆகியவை அறிகுறிகள். கிழக்கு ஆபிரிக்க வகைக்கு பெக்சினிடசோல் என்னும் குளிசையை உலக சுகாதார நிறுவனம் 2024இல் பரிந்துரைத்தது. நேரத்தோடு கண்டுபிடித்தால் குணமாக்கலாம்.

திரும்பி வந்தபின் காய்ச்சல் கண்டால் "சாதாரணத் தடிமன்தானே" என்று பனடோலுடன் வீட்டில் இருக்க வேண்டாம். மலேரியா சில மாதங்கள் கழித்தும், சிலவேளை ஒரு வருடம் சென்றும் தலைகாட்டலாம். அன்றே வைத்தியரிடம் சென்று, "ஆபிரிக்கா போய் வந்தோம்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனைக்கு வழி திறப்பது அந்த வார்த்தையே.

உங்கள் பயணம் இனிதே அமையட்டும்.