‘இன்று இறங்க வேண்டாம்’ என்று சொல்பவருக்கும் கூலி வேண்டும்

வெற்றிலைச் சந்தைக்குப் பெயர்பெற்ற கடத்தூரிலும் அதைச் சுற்றியுள்ள பொம்மிடி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் வட்டாரங்களிலும் பிழைப்புக்காக வெளியூர் செல்வது புதிய செய்தி அன்று. மழை பொய்த்த ஆண்டுகளில் திருப்பூருக்கும் பெங்களூருவுக்கும் கூலிக்குச் சென்ற தலைமுறையின் பிள்ளைகளில் சிலர் இன்று கணினித் துறைப் பணியில் அமெரிக்காவில் இருக்கிறார்கள். ஊரிலிருந்து வரும் பெற்றோரை அவர்கள் அழைத்துப்போய்க் காட்டும் இடங்களில் நயாகராவுக்கு அடுத்தபடியாக இடம்பெறுவது, அரிசோனா மாநிலப் பாலைநிலத்தில் உள்ள கிராண்ட் கேன்யன். விளிம்பில் நின்று படம் எடுத்துக்கொள்வதோடு நிறைவடையாதவர்களுக்காக, வழிகாட்டியின் துணையோடு பள்ளத்தாக்குக்குள் இறங்கி நடக்கும் விடுமுறைப் பயணங்களும் விற்கப்படுகின்றன. கிராண்ட் கேன்யனோடு யூட்டா மாநிலத்தின் ஸயான், பிரைஸ் கேன்யன் தேசியப் பூங்காக்களையும் சேர்த்து ஒரு வாரத்தில் நடந்து முடிக்கும் தொகுப்புப் பயணங்கள் இவ்வகையில் பெயர்பெற்றவை.

இத்தகைய பயணத்துக்குக் கொடுக்கும் பணம் எதற்கான விலை? கூடாரம், உணவு, வாகனம், பூங்கா நிர்வாகத்தின் அனுமதி ஆகியவை விளம்பரத்தில் தெரியும். விளம்பரத்தில் தெரியாத ஒன்றுக்குத்தான் உண்மையில் விலை கொடுக்கிறோம். எப்போது இறங்கலாம், எங்கே திரும்ப வேண்டும், எந்த நாளில் இறங்கவே கூடாது என்று தீர்மானிக்கத் தெரிந்த ஒருவருடைய மதிப்பீடு அது. பள்ளத்தாக்கின் இயல்பைப் புரிந்துகொண்டால்தான் அதன் அருமை விளங்கும்.

மலையேற்றத்தில் கடினமான பாதி முதலில் வருகிறது. மூச்சு வாங்கினால் பாதியில் திரும்பிவிடலாம். திரும்பும் வழி இறக்கமாக இருக்கும். பள்ளத்தாக்கில் இந்தக் கணக்கு தலைகீழ். காலைக் குளிர்ச்சியில், ஓய்ந்த கால்களோடு, உற்சாகமாக இறங்கிவிடுகிறோம். களைப்பு தெரியத் தொடங்கும்போது நாம் நிற்பது அடிவாரத்தில். நண்பகல் வெயிலில், ஏற வேண்டிய முழு உயரமும் எதிரே நிற்கும். கொலராடோ ஆறு குடைந்த கிராண்ட் கேன்யனின் நீளம் 446 கிலோமீட்டர். ஆழம் ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர். விளிம்பில் இதமாக இருக்கும் கோடை நாளில்கூட அடித்தளத்தில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பாறைச் சுவர்கள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை மாலையில் திருப்பித் தருகின்றன.

1919இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இங்கே, ஒரே நாளில் ஆறு வரை இறங்கி மேலே திரும்ப முயல வேண்டாம் என்பது நிர்வாகத்தின் நிரந்தர எச்சரிக்கை. கோடையில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை நடக்க வேண்டாம் என்பது இன்னொன்று. இவ்வளவு சொல்லியும் ஆண்டுக்கு 250 பேருக்கு மேல் மீட்கப்பட வேண்டியிருக்கிறது. ஆகவே, விபத்துக்குப் பிறகு மீட்பதைவிட விபத்துக்கு முன்பே தடுப்பது மேல் என்று ஒரு முறையை வகுத்திருக்கிறார்கள். பயிற்சி பெற்ற பணியாளர்களும் தன்னார்வலர்களும் பாதையின் தொடக்கத்திலும் இடைவழியிலும் நின்று, இறங்குவோரிடம் பேச்சுக் கொடுக்கிறார்கள். எவ்வளவு தூரம் போகிறீர்கள், எவ்வளவு தண்ணீர் வைத்திருக்கிறீர்கள், உப்புள்ள தின்பண்டம் உண்டா என்று கேட்கிறார்கள். பதில் சரியில்லை என்றால் திட்டத்தைச் சுருக்கிக்கொள்ளும்படி சொல்கிறார்கள்.

அந்த உப்புக் கேள்வி முக்கியமானது. வியர்வையோடு உப்பும் வெளியேறும்போது வெறும் தண்ணீரை மட்டுமே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கமும் வலிப்பும் உயிராபத்தும் நேரலாம். தருமபுரி மாவட்டக் காடுமேடுகளில் களை எடுப்பவர்கள் உப்பிட்ட கேழ்வரகுக் கூழையும் மோரையும் தூக்குச்சட்டியில் கொண்டுபோவதன் பொருளை அரிசோனாவில் அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

வெப்பமாவது கண்ணுக்கும் உடலுக்கும் தெரியும் பகை. இரண்டாவது பகை வானத்தில்கூடத் தெரியாது. 1997 ஆகஸ்ட் 12 அன்று, அரிசோனாவின் வட பகுதியில் நவாஹோ பழங்குடியினரின் நிலத்தில் உள்ள ஆண்டிலோப் கேன்யனில் ஒரு சுற்றுலாக் குழு இறங்கியது. இரு கைகளையும் விரித்தால் இருபுறமும் பாறையைத் தொடும் அளவுக்குக் குறுகலான இடங்கள் கொண்ட மணற்கல் இடுக்கு அது. அவர்கள் நின்ற இடத்தில் மழை என்று சொல்லத்தக்க மழை இல்லை. பல கிலோமீட்டர் தொலைவில், மேட்டுப் பகுதியில் இடிமழை கொட்டியது. பாலைநிலத்தின் இறுகிய மண்ணும் வெறும் பாறையும் நீரை உறிஞ்சுவதில்லை; பெய்த மழை அப்படியே ஓடிவந்து இடுக்குக்குள் சுவராக எழுந்தது. 11 பயணிகள் இறந்தார்கள். அவர்களுடன் பயண நிறுவனத்தின் வழிகாட்டி ஒருவரும் இருந்தார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அந்த வெள்ளத்தில் சிக்கியவர்களில் உயிர்பிழைத்தவர் அவர் ஒருவரே.

ஆக, வழிகாட்டி ஒருவர் உடன் இருப்பது மட்டும் போதாது. மேட்டில் பெய்யும் மழையைப் பற்றிய செய்தி அவருக்கு உடனே எட்ட வேண்டும். எட்டியபின் பயணத்தை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். இன்று ஆண்டிலோப் கேன்யனுக்குள் நவாஹோ நிர்வாகத்தின் அனுமதி பெற்ற வழிகாட்டி இல்லாமல் எவரும் நுழைய முடியாது. உறுதியான ஏணிகளும் வானிலை எச்சரிக்கை ஏற்பாடுகளும் வந்திருக்கின்றன. மழை அறிகுறி இருந்தால் பயணம் ரத்தாகும்.

இவையெல்லாம் அமெரிக்கக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. ‘இந்தியாவின் கிராண்ட் கேன்யன்’ என்று விளம்பரப்படுத்தப்படும் கண்டிகோட்டா, ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்தில், வடபெண்ணை ஆறு எர்ரமலைக் குன்றுகளைக் குடைந்த இடத்தில் இருக்கிறது. நந்திமலைத் தொடரில் பிறக்கும் வடபெண்ணைக்கு அதே தொடரில் பிறந்த ஒரு தங்கை உண்டு. அரூர் வட்டாரத்தைக் கடந்து சாத்தனூருக்குச் செல்லும் நம் தென்பெண்ணை. ஆனால், கடத்தூர்க்காரர்களுக்கு மிக அருகில் உள்ள உண்மையான ஆற்றுப் பள்ளத்தாக்கைக் காண கண்டிகோட்டா வரை போக வேண்டியதில்லை. தருமபுரியும் பென்னாகரமும் கடந்தால் ஒகேனக்கல்.

ஒகேனக்கல்லை நாம் அருவியாகவும் எண்ணெய்க் குளியலாகவும் மீன் வறுவலாகவும் மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். கர்நாடகத்தின் மேக்கேதாட்டுவிலிருந்து ஒகேனக்கல் வரை காவிரி பாறைகளுக்கிடையே இறங்கிவரும் ஒரு நெடும் பள்ளத்தாக்கின் கடைசிப் பகுதி அது. அப்பகுதியின் கார்பனடைட் பாறைகளின் வயது சுமார் 240 கோடி ஆண்டுகள் எனப் புவியியலர் கணித்திருக்கிறார்கள். 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்த காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ளது. கர்நாடகத்தின் காவிரி சரணாலயத்தோடு காவிரி வடக்குச் சரணாலயத்தை அது இணைக்கிறது. யானைகளின் வழித்தடமும் நீர்நாய்களும் முதலைகளும் சாம்பல் நிற மலை அணில்களும் அங்கே உள்ளன.

அங்கும் ஆபத்து வானத்திலிருந்து வருவதில்லை. 2024 ஜூலை இறுதியில் குடகிலும் வயநாட்டிலும் கொட்டிய மழையால் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளிலிருந்து பெருமளவு நீர் திறக்கப்பட்டது. ஒகேனக்கல்லில் நீர்வரத்து விநாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. மேட்டூர் அணை 120 அடியை எட்டியது. வயநாட்டில் பெய்த மழையின் நீரே தருமபுரி மாவட்டத்து அருவியை மூழ்கடிக்கிறது. மாநில எல்லையான பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளவிடும் நீர்வரத்தைப் பார்த்தே பரிசல் இயக்கலாமா, குளிக்கலாமா என்று மாவட்ட நிர்வாகம் முடிவெடுக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் நம் ஏற்பாடு நன்றாகவே இருக்கிறது. அணை திறப்புச் செய்திக்கும் வெள்ளம் வந்துசேர்வதற்கும் இடையே காவிரி நமக்கு அவகாசம் தருகிறது.

எல்லா நீரும் அந்த மரியாதையைக் காட்டுவதில்லை. ஒகேனக்கல்லில் காவிரியோடு கலக்கும் சின்னாறு போன்ற காட்டாறுகள் சில மணி நேர மழையில் பெருகுபவை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் மலைமேல் பெய்த மழையால் திடீரென வந்த வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றது. அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது, வறட்சிக்குப் பெயர்போன நம் பகுதியில், ஒரே நாளில் ஊத்தங்கரையில் சுமார் 50 சென்டிமீட்டரும் அரூரில் 30 சென்டிமீட்டருக்கு மேலும் மழை பதிவானது. வறண்ட நிலத்துக்கு வெள்ள பயம் இல்லை என்ற நம்பிக்கைக்கு இனி இடமில்லை.

இந்தப் பள்ளத்தாக்கை வாசிக்கத் தெரிந்தவர்கள் யார்? பாறை எங்கே நீருக்கடியில் ஒளிந்திருக்கிறது, சுழல் எந்த அளவில் தோன்றும், நீரின் நிறம் மாறினால் என்ன பொருள் என்று அறிந்த பரிசல் ஓட்டிகள். காட்டோர ஊர்களில் யானையின் நடமாட்டத்தைத் தடம் பார்த்தும் வாசனை பிடித்தும் அறியும் மக்கள். நவாஹோ வழிகாட்டிகளுக்கு நிகரான அறிவு அவர்களிடம் உண்டு. ஆனால், நம் அலுவல் வழக்கத்தில் பரிசல் ஓட்டியின் வேலை துடுப்புப் போடுவதோடு முடிந்துவிடுகிறது. பரிசல் ஓடினால்தான் அவருக்குக் கூலி. தடை விதித்தால் அன்றைய அடுப்பு எரிவது கடினம். தடை வாரக்கணக்கில் நீளும் பருவங்களில் கடன் வாங்கிக் காலம் தள்ளுகிறார்கள்.

இங்கேதான் சிக்கல் இருக்கிறது. ‘இன்று போக வேண்டாம்’ என்று சொல்வதுதான் வழிகாட்டியின் மிக மதிப்புள்ள சேவை. அதைச் சொல்லும் நாளில் அவருடைய வருமானம் சுழியமாகிறது. இருநூறு மைல் கடந்து குடும்பத்தோடு வந்தவர் ‘கொஞ்ச தூரம் மட்டும் கூட்டிப்போங்கள் அண்ணே’ என்று நோட்டை நீட்டும்போது, மறுக்கும் சுமை முழுவதும் அந்த ஒரு மனிதரின் வயிற்றின்மீது விழுகிறது. தடையை மீறி இயக்கினால் குற்றம் என்று அறிவிப்பது எளிது. தடையைக் கடைப்பிடிப்பவரின் வீட்டில் உலை கொதிக்கிறதா என்று கேட்பதற்கு நம் விதிகளில் இடமில்லை.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு, மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை அரசு வகுத்தது. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்களுடன் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் தொடங்கப்பட்டது. இணையத்தில் முன்பதிவு, பழங்குடி மற்றும் காட்டோர ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்து வழிகாட்டிகளாக்குதல் என அதன் அமைப்பு பாராட்டத்தக்கது. வழிகாட்டி வேலை உள்ளூர்க்காரருக்கே என்ற கொள்கை, நகரத்து நிறுவனங்கள் காட்டை வாடகைக்கு எடுத்து விற்கும் போக்குக்கு நல்ல மாற்று. ஆனாலும் காட்டுத்தீ பருவத்தில் வழித்தடங்கள் மூடப்படும்போது இவர்களுக்கும் பரிசல் ஓட்டிகளின் நிலையே ஏற்படுகிறது.

இதற்கான முன்மாதிரியைத் தேடி அரிசோனா போக வேண்டாம்; நம் கடற்கரையிலேயே இருக்கிறது. ஆண்டுதோறும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவக் குடும்பம் ஒன்றுக்குத் தமிழ்நாடு அரசு 8,000 ரூபாய் நிவாரணம் வழங்குகிறது. தொகை போதுமா என்பது தனி விவாதம். பொது நன்மைக்காக ஒருவர் தொழிலை நிறுத்தினால் அந்த இழப்பில் அரசுக்கும் பங்குண்டு என்ற கொள்கை அதில் ஏற்கப்பட்டுவிட்டது. அதையே ஒகேனக்கல்லின் பரிசல் ஓட்டிகளுக்கும் மலையேற்ற வழிகாட்டிகளுக்கும் நீட்டிக்கலாம். பரிசல் கட்டணத்திலும் நுழைவுக் கட்டணத்திலும் ஒரு சிறு பங்கைத் தனி நிதியாக ஒதுக்கினால், தடை நாள்களுக்கு நாள்படி வழங்க இயலும். அரசின் பொதுக் கருவூலத்தில் கைவைக்கும் தேவையும் பெரிதாக எழாது.

வேலை செய்யாத நாளுக்குக் கூலி கொடுத்தால், வேண்டுமென்றே தடை கேட்பார்களே என்று ஓர் ஆட்சேபம் எழலாம். நாள்படி, ஓடும் நாளின் வருமானத்தைவிடக் குறைவாக இருக்கும்வரை அப்படி நடக்க வாய்ப்பில்லை. அடுப்பெரியப் போதுமானதாகவும், ஓட்ட நாளுக்கு ஈடாகாததாகவும் அதை நிர்ணயிப்பது கணக்குத் தெரிந்த எந்த அலுவலருக்கும் முடியும். இதைவிடக் கடினமானது, தடுக்கும் அதிகாரத்தைக் கீழ்வரை பகிர்வது. ஆட்சியர் அலுவலகத்திலிருந்து தடை உத்தரவு வருவதற்கு முன்பே, சின்னாற்றின் நிறம் மாறியதைக் கண்ட மூத்த பரிசல் ஓட்டி துறையை அந்த மணி நேரத்துக்கு மூடலாம் என்று விதி இருக்க வேண்டும். அவர் மூடியது வீணாகப்போனாலும், மழை வராமலே இருந்தாலும், அதற்காக அவரிடம் விளக்கம் கேட்கக் கூடாது.

பயணிகள் தரப்பிலும் ஒன்று செய்யலாம். பிலிகுண்டுலுவின் அன்றைய நீர்வரத்தையும் பரிசல் உண்டா இல்லையா என்பதையும் ஒகேனக்கல் நுழைவாயிலில் எழுதி வைத்துப் பயனில்லை. அங்கே வந்தவர் எப்படியும் இறங்கத்தான் பார்ப்பார். தருமபுரி, பென்னாகரம் பேருந்து நிலையங்களிலும், சேலம் பக்கமிருந்து ரயிலில் வருவோருக்குப் பொம்மிடி நிலையத்திலும் காலை 7 மணிக்கே அதை எழுதி வைத்தால், பாதிப்பேர் அங்கேயே திட்டத்தை மாற்றிக்கொண்டு தீர்த்தமலைக்கோ ஏற்காட்டுக்கோ போய்விடுவார்கள்.