யுபிகுவிட்டின் இணைவிடமும் எதிர்ப்பொருளும்: கலைச்சொல் நோக்கில் ஒரு விளக்கம்

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் 2003இல் ஆங்கிலத்திற்கு மாறிய அறிவியற் பாடம், அக்கொள்கையைக் கைவிட 2009இல் அரசு முடிவு செய்தபின் தமிழுக்குத் திரும்பத் தொடங்கியது. பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரையுள்ள தமிழாசிரியர்க்குக் கலைச்சொல்லாக்கம் அன்றாடப் பொறுப்பாயிற்று. பொருளின் செயலை அறியாது பெயரை மட்டும் பெயர்த்தால் சொல் பிழைபடும் என்பதற்கு உயிர்வேதியியலிலிருந்து ஒரு சான்றை இங்கு விளக்குவோம்.

யுபிகுவிட்டின் 76 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம். இது பிற புரதங்களின் லைசினில் இணைந்து, அவற்றுட் பலவற்றைச் சிதைவுக்கு அடையாளமிடுகிறது. இதனைக் கண்டறிந்த சீசனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் ஆகியோர் 2004இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். எந்த லைசினில் இணைந்தது என்பதை அறிவதே கடினமாக இருந்தது.

டிரிப்சின் என்னும் நொதி, ஆர்ஜினின், லைசின் ஆகியவற்றை அடுத்துப் புரதத்தை வெட்டும். யுபிகுவிட்டினின் இறுதியில் ஆர்ஜினினும் அதனை அடுத்து இரு கிளைசின்களும் உள்ளன. ஆகவே, வெட்டியபின் லைசின்மேல் இரு கிளைசின்கள் மட்டுமே எஞ்சும். இவ்வெச்சத்தைப் பற்றிக்கொள்ளும் மோனோகுளோனல் எதிர்ப்பொருளை, அதாவது ஒரே உயிரணுவின் வழித்தோன்றல்கள் சுரக்கும் எதிர்ப்பொருளை, ஜாஃப்ரி குழுவினர் 2010இல் பயன்படுத்தினர். அது பிரித்தெடுத்த துண்டுகளை நிறை நிறமாலைமானியில் ஆய்ந்து, 236 புரதங்களில் 374 இணைவிடங்களைக் கண்டனர்.

எனினும், நெட்8, ஐஎஸ்ஜி15 என்னும் வேறிரு புரதங்களும் இதே எச்சத்தை விடுகின்றன. இலக்கணத்தில் இதற்கு ஒப்புமை உண்டு. ‘தண்ணீர்க்குடம்’ என்னும் வேற்றுமைத்தொகையிலும் ‘வட்டக்கல்’ என்னும் பண்புத்தொகையிலும் ககரமே மிகுகிறது. மிக்க ஒற்றை மட்டும் கொண்டு தொக்கது உருபா, ‘ஆகிய’ என்பதா எனத் துணிய இயலாது.

2018இல் வெளிவந்த ‘யுபிசைட்’ முறை இக்குறையைக் களைந்தது. லைசினை அடுத்து மட்டும் வெட்டும் நொதியைப் பயன்படுத்தினால் 13 அமினோ அமிலங்கள் எஞ்சும். அந்நீண்ட எச்சம் யுபிகுவிட்டினுக்கே உரியது. அதனை அறியும் எதிர்ப்பொருளால் 63,000க்கும் மேற்பட்ட இணைவிடங்கள் தெரியவந்தன.

எனவே, முதல் எதிர்ப்பொருளை ‘யுபிகுவிட்டின் அறி எதிர்ப்பொருள்’ எனல் பொருந்தாது. ‘இருகிளைசின் எச்சம் அறி எதிர்ப்பொருள்’ என்பதே அதன் செயலையும் எல்லையையும் ஒருங்கே உணர்த்தும். சொல் நீண்டாலும் மாணவர் பிழையாக உணரார் என்பதே நம் துணிபு.