பதற்றத்துக்கு மாத்திரை... மாத்திரையை நினைத்தாலே பதற்றமா?

மனப்பதற்றத்துக்கு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். கடையில் வாங்கியும் வந்துவிட்டீர்கள். ஆனால், அட்டை பிரிக்கப்படாமல் அப்படியே பீரோவில் கிடக்கிறது. 'போட்டால் என்ன ஆகுமோ?' என்ற பயம். செல்போனில் மாத்திரையின் பெயரைத் தட்டிப் பார்க்கிறீர்கள். குமட்டல், தலைவலி, தலைசுற்றல், படபடப்பு என்று பட்டியல் நீள்கிறது. படித்து முடிப்பதற்குள் அதில் பாதி உங்களுக்கு வந்தே விடுகிறது!

'இதில் சித்த மருத்துவருக்கு என்ன வேலை?' என்று கேட்கலாம். பிரிக்காத அந்த அட்டையோடு எங்களிடம்தானே பலரும் வருகிறார்கள்! "ஐயா, இதைப் போட பயமா இருக்கு. பக்கவிளைவே இல்லாத மூலிகை ஏதாச்சும் கொடுங்களேன்" என்பார்கள்.

பக்கவிளைவே இல்லாத மருந்து எந்த வைத்தியத்திலும் கிடையாது. சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் கொடுத்தால் உடம்பில் கொப்புளம் கிளம்பும். அதனால்தான் எங்கள் மருத்துவத்திலும் அளவு, அனுபானம், பத்தியம் என்று இத்தனை கட்டுப்பாடு. எது தானாக வந்து தானாகப் போகும், எதற்கு டாக்டரிடம் ஓட வேண்டும் என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் விலகிவிடும்.

முதல் இரண்டு வாரம்

மனப்பதற்றத்துக்கு இன்று பெரும்பாலும் முதலில் எழுதப்படுபவை எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள். நரம்பு செல்களுக்கிடையே செரட்டோனின் என்ற ரசாயனம் கூடுதலாகத் தங்கும்படி இவை செய்கின்றன. நம் உடம்பிலுள்ள செரட்டோனினில் சுமார் 90 சதவிகிதம் குடலில்தான் இருக்கிறது. எனவே மாத்திரை தொடங்கியதும் முதலில் வயிறுதான் முரண்டு பிடிக்கும். குமட்டல், இளகிய மலம், பசி மந்தம் வரலாம். தலைவலி, வாய் உலர்தல், தூக்கம் கெடுதல் அல்லது பகலில் தூங்கி வழிதல் இவையும் உண்டு. சிலருக்கு ஆரம்பத்தில் படபடப்பு சற்றுக் கூடவும் செய்யும்.

இவற்றில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். ஆனால் மருந்தின் பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகும். கஷ்டம் முதலில் வருகிறது, சுகம் பிறகு வருகிறது! இது தெரியாமல்தான் பலர் நான்காம் நாளே, 'இது நமக்கு ஒத்துக்கலை' என்று அட்டையைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

பயமே பக்கவிளைவாகும்

புதிய மருந்துகளைச் சோதிக்கும்போது, ஒரு பிரிவினருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைக் கொடுப்பார்கள். அவர்களிலும் சிலர் 'தலை வலிக்கிறது, குமட்டுகிறது' என்பார்கள். 'கெடுதல் வரும்' என்ற எதிர்பார்ப்பே தொல்லையைக் கொண்டுவருகிறது. இதற்கு 1961-ல் வால்ட்டர் கென்னடி என்பவர் 'நோசிபோ' என்று பெயர் வைத்தார். இது நடிப்பு அல்ல. தலை உண்மையிலேயே வலிக்கும்.

பதற்ற நோயாளிக்கு இதில் இன்னொரு சிக்கல். படபடப்பு, வயிற்றுப் பிரட்டல், தூக்கமின்மை எல்லாம் அவருக்கு ஏற்கெனவே இருப்பவைதானே! ஆகவே, முதல் மாத்திரை போடும் முன் ஒரு நோட்டில், இப்போது உங்களுக்கு என்னென்ன தொல்லை, எவ்வளவு என்று எழுதி வையுங்கள். பத்தாம் நாள் புரட்டிப் பார்த்தால், எது பழையது, எது புதியது என்று புரிந்துவிடும்.

தொல்லையைக் குறைக்க...

* குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

* குமட்டினால் உணவுக்குப் பிறகு போடுங்கள். இஞ்சித் துண்டைத் தட்டிப் போட்ட வெந்நீர் கொஞ்சம் குடிக்கலாம்.

* தூக்கம் கெட்டால் காலையிலும், தூக்கம் வந்தால் இரவிலும் மாற்றிப் போடலாமா என்று கேளுங்கள்.

* தூக்கம் அசத்துகிறதா என்று தெரியும்வரை வண்டி ஓட்ட வேண்டாம். மதுவைத் தொடவே கூடாது.

* தாம்பத்தியத்தில் நாட்டம் குறையலாம். இதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டே மாத்திரையை நிறுத்துபவர்கள் உண்டு. டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

"அடிமையாயிடுவோமா?"

எல்லோரும் கேட்கும் கேள்வி. அல்பிரசோலம், குளோனசெபம் போன்றவை உடனே அமைதி தரும். நாள்பட எடுத்தால் பழக்கமாகிவிடும். அதனால் அவற்றைக் குறுகிய காலத்துக்கே கொடுப்பார்கள். பழைய சீட்டைக் காட்டி நீங்களாக வாங்கிப் போடக் கூடாது. எஸ்சிடலோபிராம் வகையில் அந்த ஏக்கம் வராது. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரலாம். எந்த மாத்திரையானாலும், டாக்டர் சொல்கிறபடி சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்த வேண்டும்.

மறைக்காதீர்கள்

ஆஸ்துமா இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். படபடப்புக்குக் கொடுக்கும் புரோப்ரனலால் உங்களுக்கு ஆகாது. கர்ப்பம், பாலூட்டுதல் பற்றியும் சொல்ல வேண்டும். ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு கூடலாம். டிரமடால் என்ற வலி மாத்திரை, டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் கலந்த இருமல் மருந்து இவற்றோடு சேர்ந்தால் செரட்டோனின் அளவு மீறலாம்.

நாங்கள் கொடுக்கும் மருந்தும் இதில் சேர்த்திதான்! அமுக்கரா சூரணமும் தூக்கம் தரும், அல்பிரசோலமும் தூக்கம் தரும், இரண்டும் சேர்ந்தால்? 'மூலிகைதானே' என்று டாக்டரிடம் மறைப்பதும், 'இங்கிலீஷ் மருந்து' என்று எங்களிடம் மறைப்பதும் ஒரே தவறுதான். எல்லா மருந்தையும் ஒரே சீட்டில் எழுதி இருவரிடமும் காட்டுங்கள். முதியவர்கள் கேட்காமல் பேதி மருந்து சாப்பிட வேண்டாம். இந்த மாத்திரைகளால் வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறைய வாய்ப்பு உண்டு. பேதியும் உப்பை இழக்கச் செய்யும்.

உடனே ஓட வேண்டியது எப்போது?

* 'வாழ்ந்து என்ன பயன்' என்ற எண்ணமோ, இதுவரை இல்லாத கொந்தளிப்போ தலைதூக்கினால். 25 வயதுக்கு உட்பட்டவர்களை முதல் சில வாரங்கள் வீட்டார் கூடவே இருந்து கவனிக்க வேண்டும்.

* முகம், உதடு வீங்கினால், மூச்சுத் திணறினால்.

* கடும் காய்ச்சலுடன் உடல் விறைத்து, நடுங்கி, பேச்சு குழம்பினால்.

* மயங்கி விழுந்தால், மலம் கறுத்துப் போனால், முதியவர்களுக்குத் திடீர்க் குழப்பம் வந்தால்.

இவற்றில் எது வந்தாலும் காலை விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மனம் தடுமாறும் நேரத்தில் பேச ஆள் வேண்டுமென்றால், 'டெலி மானஸ்' இலவச எண் 14416-க்கு எந்த நேரமும் போன் செய்யலாம். தமிழிலேயே பேசலாம்.

வீட்டிலிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "இதெல்லாம் பைத்தியத்துக்குப் போடற மாத்திரை" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். முதல் பதினைந்து நாள், "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அந்த நோட்டில் நீங்களும் இரண்டு வரி எழுதுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது அட்டையோடு அந்த நோட்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.