குப்பைக்குப் போகாத கல்யாணப் பத்திரிகை

ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு ஆயுள் எத்தனை நாள்?

அதிகம் போனால் ஒரு மாதம்! முகூர்த்த நாள்வரை அது அலமாரி மேல் இருக்கும். மறுநாள் பழைய பேப்பர் கட்டில் சேரும். அடுத்த வாரம் எடைக்குப் போய்விடும்.

நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, தாம்பாளத்தில் வைத்து, வீடு தேடி வந்து கொடுத்த பத்திரிகைக்கே இந்தக் கதி. சினிமா நோட்டீசு, நாடக நோட்டீசு, பொங்கல் வாழ்த்து இவற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஆனால், இவை எதையுமே தூக்கிப் போடாத மனிதர் ஒருவர் தமிழ்நாட்டில் இருந்தார். அவர் சேர்த்து வைத்த காகிதங்களைத் தேடி இன்று வெளிநாட்டிலிருந்து அறிஞர்கள் சென்னைக்கு வருகிறார்கள்.

கோட்டையூர்க்காரர்

அவர் பெயர் ரோஜா முத்தையா. செட்டிநாட்டில் உள்ள கோட்டையூரைச் சேர்ந்தவர். பெயர்ப்பலகை எழுதும் ஓவியராகத் தொழில் செய்தவர்.

சென்னையில் பழைய புத்தகக் கடைகளைப் பார்த்தால் அவருக்குக் கால் நகராது. 1950-ம் ஆண்டு வாக்கில் அவர் பழைய நூல்களைச் சேர்க்கத் தொடங்கினார்.

நூல்களோடு அவர் நிற்கவில்லை. வார இதழ், மாத இதழ், நாடக நோட்டீசு, சினிமா பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, கடிதம், புகைப்படம் என்று எல்லாவற்றையும் சேர்த்தார். கோட்டையூர் வீட்டில் அவற்றை அடுக்கி வைத்துக் காத்தார்.

1992-ம் ஆண்டில் அவர் காலமானார். அப்போது அவரிடம் இருந்தவை சுமார் 1 லட்சம்!

இந்தச் சேகரிப்பை 1994-ம் ஆண்டில் அமெரிக்காவில் உள்ள சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. வாங்கியதே தவிர, கப்பலில் ஏற்றிக்கொண்டு போகவில்லை. தமிழ்ச் சொத்து தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும் என்று சென்னையில் வைத்தது.

அதுதான் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அடையாறைத் தாண்டியதும் வரும் தரமணியில் இன்று அது இயங்கி வருகிறது.

பத்திரிகையில் என்ன இருக்கிறது?

ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையில் அப்படி என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. தாத்தா பெயர், பாட்டி பெயர், சொந்த ஊர், உத்தியோகம், கல்யாணம் நடந்த இடம், அச்சிட்ட அச்சகம் எல்லாம் அதில் உண்டு. புரோகிதர் வைத்து நடந்த கல்யாணமா, தலைவர் ஒருவர் தலைமையில் நடந்த சீர்திருத்தத் திருமணமா என்பதும் தெரிந்துவிடும். மணமகள் படித்த பட்டம் எந்தக் காலத்திலிருந்து பத்திரிகையில் இடம் பிடித்தது என்பதைக்கூட, பல பத்திரிகைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம்.

அரசர்களின் கதையைக் கல்வெட்டு சொல்லும். சாதாரணக் குடும்பத்தின் கதையைச் சொல்ல இப்படிப்பட்ட காகிதங்களை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

கிழித்துச் சேர்த்த தொடர்கதை

காகிதம் சேர்க்கும் பழக்கம் முத்தையாவுக்கு மட்டும் உரியதல்ல. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு நடந்த வேலைதான் அது.

1950-ம் ஆண்டு அக்டோபரில் "கல்கி" வார இதழில் "பொன்னியின் செல்வன்" தொடங்கியது. 1954-ம் ஆண்டு மே மாதம்வரை வாராவாரம் வந்தது. ஓவியர் மணியம் படம் வரைந்தார்.

இதழ் வீட்டுக்கு வந்ததும் யார் முதலில் படிப்பது என்று போட்டி நடக்கும். எல்லோரும் படித்த பிறகு, தொடர்கதைப் பக்கங்களை மட்டும் அம்மா பதமாகக் கிழித்து எடுத்து வைப்பாள். கதை முடிந்ததும் பக்கங்களை வரிசைப்படுத்தி, பைண்டு செய்பவரிடம் கொடுத்து, காலிகோ அட்டை போட்டு வாங்குவார்கள்.

அப்படிக் கட்டிய தொகுப்புகள் பிற்காலத்தில் மயிலாப்பூர் லஸ் பகுதியின் பழைய புத்தகக் கடைகளுக்கும் வந்தன. கதை புத்தகமாக எத்தனையோ முறை அச்சாகிவிட்டது. ஆனாலும் பழைய தொகுப்பைக் கண்டால் விடாதவர்கள் உண்டு. அதில் மணியத்தின் படம் இருக்கும். பக்கத்தின் பின்புறம் அந்தக் காலத்து விளம்பரமும் இருக்கும்!

ஒரே இரவில் போனது

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி சென்னையில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க முடியாது. அடையாற்றில் வெள்ளம் கரை புரண்டது. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, அடையாறு பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

வெள்ளம் வடிந்தபின் மக்கள் வீடு திரும்பினார்கள். கட்டில் போனால் வேறு கட்டில் வாங்கலாம். குளிர்ப்பெட்டி போனால் வேறு வாங்கலாம். சேற்றில் ஊறி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்ட கல்யாண ஆல்பத்தை எந்தக் கடையில் வாங்குவது?

அது வெள்ளம் செய்த வேலை. வெள்ளம் வராத வீட்டிலும் ராமபாணப் பூச்சியும் கரையானும் ஈரக்காற்றும் அதே வேலையை மெதுவாகச் செய்து வருகின்றன.

ஆகவே, இருக்கிற காகிதங்களை ஒரு புத்தகமாக்கி வைப்பது நல்லது. பெரியவர்களின் அறுபதாம் கல்யாணத்துக்கோ, பிறந்த நாளுக்கோ பரிசாகக் கொடுக்க அதைவிடச் சிறந்த பொருள் கிடையாது. செலவும் சொற்பம். வீட்டில் உள்ள பொருள்களே பெரும்பாலும் போதும்.

எந்தத் தாள்?

செய்தித்தாள் சில ஆண்டுகளில் பழுப்பாகி நொறுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மரத்தை அரைத்துச் செய்யும் மலிவுத் தாளில் "லிக்னின்" என்ற பொருள் தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது நிறம் மாறும். தாளில் அமிலமும் சேரும்.

அந்த மாதிரித் தாளில் படங்களை ஒட்டினால், தாளோடு படமும் கெடும். பருத்தித் துணியை அரைத்துச் செய்த கைக்காகிதம் நெடுநாள் உழைக்கும். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதம் பெயர் பெற்றது. சென்னையில் காகிதக் கடைகளுக்குப் பேர்போன இடம் பாரிமுனைப் பக்கம் உள்ள ஆண்டர்சன் தெரு. அதிகச் செலவு வேண்டாம் என்றால், நல்ல தடித்த வெள்ளைத் தாள் வாங்கிக்கொள்ளலாம்.

பசை காய்ச்சுவது எப்படி?

ஒரு கரண்டி மைதாவுக்கு ஐந்து கரண்டி தண்ணீர். முதலில் குளிர்ந்த தண்ணீரில் கட்டி இல்லாமல் கரையுங்கள். பிறகு சிறு தீயில் வைத்துக் கைவிடாமல் கிளறுங்கள். வெள்ளை மாறிக் கண்ணாடி போல் ஆனதும் இறக்குங்கள். ஆறியபின் பயன்படுத்துங்கள்.

பூச்சி வராமல் இருக்க, பசையில் மயில்துத்தம் சேர்ப்பது பைண்டு செய்பவர்களின் பழைய வழக்கம். வீட்டில் அது வேண்டாம். மயில்துத்தம் விஷம். குழந்தைகள் கைபடும் பொருளில் சேர்க்கக்கூடாது. கொஞ்சமாகக் காய்ச்சி, ஓரிரு நாளில் தீர்த்துவிடுங்கள்.

பசையை மெல்லிசாகத் தடவ வேண்டும். ஒட்டியபின் மேலே சுத்தமான வெள்ளைத் தாள் வைத்து, அதன்மேல் கனமான பலகையையோ அரிசி டின்னையோ ஓர் இரவு ஏற்றி வையுங்கள். தாள் சுருங்காது.

படத்தின் முதுகில் பசை வேண்டாம்

புகைப்படத்தை நேராகத் தாளில் ஒட்டாதீர்கள். பின்னால் பிரிக்க வேண்டி வந்தால் படம் கிழியும். நான்கு மூலைக்கும் நான்கு காகிதக் கொக்கி செய்தால் போதும்.

2 அங்குல அகலம், 1 அங்குல உயரத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். மேல் ஓரத்தின் நடுவைக் குறித்துக்கொள்ளுங்கள். மேல் மூலைகள் இரண்டையும் கீழ் ஓரத்தின் நடுவுக்கு வரும்படி மடியுங்கள். ஒரு முக்கோணம் கிடைக்கும். அதற்குள் படத்தின் மூலையைச் செருகுங்கள். மடிப்புள்ள பக்கத்தில் பசை தடவித் தாளில் ஒட்டுங்கள்.

இப்போது படம் அசையாது. வேண்டும்போது உருவி எடுக்கலாம்.

கடிதங்களுக்கு வேறு வழி. தாளில் ஒரு சிறு காகிதப் பை ஒட்டி, கடிதத்தை அதற்குள் வையுங்கள். எடுத்துப் படித்துவிட்டுத் திரும்ப வைக்கலாம். இந்தியாவில் தந்திச் சேவை 2013-ம் ஆண்டு ஜூலை மாதத்தோடு நின்றுவிட்டது. "வேலை கிடைத்தது", "ஆண் குழந்தை பிறந்தது" என்று வந்த தந்தி உங்கள் வீட்டில் இருந்தால் அதற்கும் ஒரு பை ஒட்டுங்கள்.

செய்தித்தாளில் வந்த துணுக்கு என்றால், நல்ல தாளில் நகல் எடுத்து, நகலை ஒட்டுவதே சரி. அசலைத் தனி உறையில் வைத்துவிடுங்கள்.

தைக்கும் முறை

ஆறு தாள்களை நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தால் 24 பக்கங்கள் கிடைக்கும். படம் ஒட்ட ஒட்டப் புத்தகம் வயிறு வீங்கும். அதைத் தவிர்க்க, தாள்களுக்கு இடையே ஓர் அங்குல அகலப் பட்டைகளை மடித்து முதுகுப் பக்கம் செருகிக்கொள்ளுங்கள்.

மடிப்பில் மேலே, நடுவில், கீழே என்று மூன்று ஓட்டை போடுங்கள். பருத்தி நூலை நடு ஓட்டை வழியாக உள்ளிருந்து வெளியே இழுங்கள். மேல் ஓட்டையில் உள்ளே விடுங்கள். உள்பக்கமாகவே கீழ் ஓட்டைக்குக் கொண்டுபோய் வெளியே எடுங்கள். மறுபடி நடு ஓட்டையில் உள்ளே விட்டு, இரண்டு நுனியையும் சேர்த்து முடிச்சுப் போடுங்கள். அவ்வளவுதான்!

பழைய தினசரி காலண்டர் அட்டைகள் இரண்டு மேலட்டைக்கு ஆகும். நடுவில் முதுகுக்குக் கொஞ்சம் இடைவெளி விட்டு, அவற்றின்மேல் பழைய நூல் புடவைத் துணியை ஒட்டுங்கள். புத்தகத்தின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் அட்டையின் உள்புறம் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. பாட்டி கட்டிய புடவையாக இருந்தால் இன்னும் நல்லது.

செய்யக்கூடாதவை

செலோடேப் ஒட்டாதீர்கள். நாளானால் அது மஞ்சளாகிக் காகிதத்தில் கறை இறக்கும். குண்டூசி, ஸ்டேப்ளர் ஊசி துருப்பிடிக்கும். லேமினேட் செய்தால் பிரிக்கவே முடியாது.

புத்தகத்தைத் தரையிலோ கீழ்த்தட்டிலோ வைக்காதீர்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம். மழைக்காலத்தில் ஓதம் ஏறும். மாதம் ஒருமுறை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில்தான் பூச்சி குடிபுகும்.

படங்கள் நனைந்து ஒட்டிக்கொண்டால் உலர்ந்தபின் பிய்க்காதீர்கள். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து மெல்லப் பிரியுங்கள். படம் மேல் பார்க்க நிழலில் உலர்த்துங்கள்.

மூன்று கேள்விகள்

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு.

பல வீடுகளில் பழைய குடும்பப் படம் இருக்கிறது. நாற்காலியில் தாத்தா உட்கார்ந்திருக்கிறார். பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். ஓரத்தில் பாவாடை கட்டிய ஒரு சிறுமி. "இந்தப் பெண் யார்?" என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒருவர் இருந்தார். அவரும் போய்விட்டார்!

படம் இருந்தும் ஆள் தொலைந்துபோனாள்.

ஆகவே, பாட்டி இருக்கும்போதே படங்களை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். "யார்? எங்கே? எப்போது?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். சொல்வதைப் படத்தின் கீழே, தாளில் எழுதுங்கள். படத்தின் முதுகில் எழுதுவதானால் மெத்தென்ற பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் இறங்கிவிடும்.

குழந்தைகளையே எழுதச் சொல்லலாம். எழுத்து கோணலாக இருந்தால் என்ன? இருபது ஆண்டு கழித்து அந்தக் கோணல் எழுத்தும் ஒரு நினைவுதானே!

கைப்பேசியில் ஆயிரம் படம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். இருக்கட்டும். கைப்பேசி பழுதானால் ஆயிரமும் சேர்ந்து போகலாம். அதில் பிடித்த பத்துப் படங்களை அச்சிட்டு, புத்தகத்தில் சேர்த்துவிடுங்கள்.

அடுத்த முகூர்த்தத்துக்கு ஒரு பத்திரிகை உங்கள் வீடு தேடி வரும். கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுத் திரும்பியதும் அதை எடைக்குப் போடுமுன் ஒரு நிமிடம் யோசியுங்கள். உள்ளே இருப்பது உங்கள் அண்ணன் மகள் பெயர். அதன் கீழே, வரவேற்பவர்கள் வரிசையில், உங்கள் பெயரும் இருக்கிறது!