கொட்டும் பூச்சிகள்: ஓதுவோம், ஆனால் தாமதியோம்!

கன்னிவாடியில் வாழ்வோர்க்கு மலை என்பது தொலைவில் தெரியும் காட்சியன்று. ஊரை ஒட்டியே பழனி மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. அடிவாரத் தோப்புகளும் புளியமரங்களும் கரட்டுப் பாறைகளும் நமக்குப் பழகியவை. அங்கே நமக்கு முன்பே குடியிருக்கும் சிற்றுயிர்களைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். அந்த மறதியின் விலையைச் சில ஆண்டுகளுக்கு முன் நான் நேரில் கண்டேன்.

திருமணத்திற்கு வந்திருந்த குடும்பம் ஒன்று அடிவாரத் தோப்பைப் பார்க்கச் சென்றது. திரும்பி வந்தபோது ஒரு பெண்ணின் கழுத்துச் சங்கிலியைக் காணவில்லை. மறுநாள் உறவுக்கார இளைஞர் ஒருவர், மெட்டல் டிடெக்டர் எனப்படும் உலோகம் காட்டும் கருவியோடு தேடப் புறப்பட்டார். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அக்கருவி ஒலி எழுப்பும். அதைத் தெளிவாகக் கேட்பதற்காக அவர் ஹெட்ஃபோன் அணிந்திருந்தார். கண் மண்ணில், காது கருவியில்.

பழைய வரப்பு ஒன்றின் ஓரத்தில் ஒலி கேட்டது. மண்வெட்டியால் இரண்டு வெட்டு வெட்டினார். அருகிலிருந்த பொந்திலிருந்து கதண்டுகள் கிளம்பின. அவற்றின் இரைச்சல் அவர் காதுக்கு எட்டவே இல்லை. பத்துப் பன்னிரண்டு இடங்களில் கொட்டிவிட்டன. அங்கே கிடந்ததோ துருப்பிடித்த ஒரு கலப்பைக் கொழு!

அவரை நேரே மதரஸா வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். "ஹஜ்ரத், கொஞ்சம் ஓதி ஊதுங்க!" என்றார் தாயார். ஒருவர் சுண்ணாம்பு தடவினார். மற்றொருவர் வெங்காயம் தேடி ஓடினார். நானும் பிள்ளையை உட்காரவைத்து ஓதத் தொடங்கினேன். சில நிமிடங்கள் கடந்தன. அவ்வழியே வந்த செவிலியச் சகோதரி ஒருவர் முகத்தைப் பார்த்ததுமே பதறினார். "உதடு வீங்குது, மூச்சு இழுக்குது. நீங்க வண்டியிலே வச்சு ஓதுங்க ஹஜ்ரத்!" என்றார்.

அந்த ஒரு சொல்லே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

கொட்டுவன எவை?

நம் மலைப்பகுதியில் மலைத்தேனீக்கள் உயர்ந்த பாறைச் சரிவுகளிலும் பெருமரங்களிலும் ஒற்றை அடையாகத் திறந்த வெளியில் கூடு கட்டுகின்றன. பழனி மலையின் பழங்குடியினரான பளியர், புகையிட்டுத் தேனீக்களை அடக்கித் தேன் எடுப்பதில் கைதேர்ந்தவர்கள். அடுக்குத் தேனீ மரப்பொந்துகளில் வாழ்வது. பெட்டியில் வைத்து வளர்க்கப்படுவதும் இதுவே.

தேனீயின் கொடுக்கில் முட்கள் உண்டு. அது நம் தோலில் சிக்கிக்கொள்ள, விஷப்பையும் உடன் பிய்ந்து நின்றுவிடுகிறது, தேனீ மடிகிறது. கொட்டிய இடத்திலிருந்து பழுத்த வாழைப்பழத்தை ஒத்த ஒரு மணம் எழுகிறது. அது மற்றத் தேனீக்களுக்கு விடுக்கப்படும் போர் அழைப்பு! ஒன்று கொட்டிய இடத்தில் பல வந்து கொட்டுவதன் காரணம் இதுவே.

கதண்டு எனப்படும் பெருங்குளவியின் கொடுக்கோ வழவழப்பானது. ஒரே கதண்டு பலமுறை கொட்ட வல்லது. மரத்தில் மட்டுமன்றி மண் பொந்துகளிலும் கூடு கட்டும் கதண்டுகள் உண்டு. எனவே மண்ணைத் தோண்டுவோர் தலைக்கு மேலே பார்ப்பது மட்டும் போதாது.

புறப்படுமுன்

தோண்டத் தொடங்குமுன் சற்றுத் தள்ளி நின்று சில நிமிடங்கள் கவனியுங்கள். ஒரே துளைக்குள் பூச்சிகள் போவதும் வருவதுமாக இருந்தால் அங்கே கூடு உண்டு, விலகிவிடுங்கள். கருவியோடு செல்வோர் ஒரு காதையாவது திறந்து வைத்திருக்கட்டும். தனியே செல்ல வேண்டாம். வெளிர்நிற முழுக்கை உடை நல்லது. கருநிறம் தேனீக்களைச் சினமூட்டும். நம் பாட்டிமார் போர்த்திய வெள்ளைத் துப்பட்டி இவ்வகையிலும் பயன் உடையதே! அத்தர் முதலிய நறுமணங்களை அன்று தவிர்த்துவிடுங்கள். பிள்ளைகள் கூட்டின்மீது கல்லெறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூச்சிகள் கிளம்பிவிட்டால்

கையை வீசி அடிக்காதீர்கள், நசுக்காதீர்கள். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, வழி தெரியும்படி கண்ணை மட்டும் விட்டு, ஓடுங்கள். வீடோ வாகனமோ கிடைக்கும்வரை நிற்க வேண்டாம். கிணற்றிலோ குளத்திலோ குதிக்க வேண்டாம். தலை தூக்கும்வரை அவை காத்திருக்கக்கூடும்.

கொட்டியபின்

தேனீயின் கொடுக்கை உடனே அகற்றுங்கள். நகத்தால் கிள்ளுவதா, வழித்தெடுப்பதா என்று ஆராய வேண்டாம். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு விரைவாக எடுக்கிறோம் என்பதே முக்கியம் என 1996இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. பின்பு சோப்பு நீரால் கழுவி, குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். வீக்கம் ஏறுமுன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள். சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கும், விஷத்தை முறிக்காது.

பெரும்பாலோர்க்கு வலியும் வீக்கமும் சில நாளில் அடங்கிவிடும். ஆனால் சிலருடைய உடல், ஒரே கொட்டுக்குக்கூட எல்லை மீறி எதிர்வினை காட்டும். உடலெங்கும் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், மூச்சுத்திணறல், வாந்தி, தலைசுற்றல், மயக்கம் ஆகியவை அதன் அடையாளங்கள். 1902இல் இந்நிலையை ஆராய்ந்து விளக்கிய பிரெஞ்சு அறிஞர் சார்ல் ரிஷே, அதற்காக 1913இல் நோபல் பரிசு பெற்றார். அட்ரினலின் என்னும் மருந்தைத் தொடைத் தசையில் ஊசி மூலம் செலுத்துவதே இதற்கு முதல் சிகிச்சை. சில நிமிடத் தாமதமும் உயிரைப் பறிக்கக்கூடும்.

ஆகவே இவ்வடையாளங்களுள் ஒன்று தோன்றினாலும் 108க்கு அழையுங்கள். தமிழகத்தில் இவ்வூர்திச் சேவை 2008 முதல் இலவசமாக இயங்குகிறது. நோயாளியை நடக்க விடாமல், கால்களைச் சற்று உயர்த்திப் படுக்கவையுங்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரட்டும். பல இடங்களில் கொட்டப்பட்டவர், சிறுவர், வாயிலோ தொண்டையிலோ கொட்டப்பட்டவர் ஆகியோர் நலமாகத் தோன்றினாலும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். மிகுதியான விஷம் சிறுநீரகத்தைப் பின்னர் பாதிக்கக்கூடும்.

புதையல் தேடுவோர்க்கு ஒரு சொல்

தொலைத்த நகையைத் தேடுவது வேறு. புதையல் தேடுவது வேறு. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும். பழனி மலையிலுள்ள பழங்காலக் கற்திட்டைகளைப் பற்றித் தொல்லியல் துறை 1928இலேயே நூல் வெளியிட்டுள்ளது. அவற்றின் அருகே தோண்டுவது வரலாற்றைச் சிதைப்பதாகும். கல்லிடுக்குகளில் கொட்டும் பூச்சிகளும் இருக்கக்கூடும்.

ஓதுதலும் மருத்துவமும்

விஷக்கடிக்கு ஆளான ஒருவருக்கு நபித்தோழர் ஒருவர் ஃபாத்திஹா ஓதியதையும், அதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டதையும் புகாரியில் காண்கிறோம். மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்களும் அதே நபிகளாரே. இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது நமது அறியாமை.

பூச்சிகள் மீது பகை கொள்ளவும் வேண்டியதில்லை. திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயம் தேனீயின் பெயராலேயே 'அந்நஹ்ல்' என அழைக்கப்படுகிறது. தேனீயைக் கொல்வதைத் தடுக்கும் நபிமொழி அபூதாவூதில் உள்ளது. வீட்டருகே கதண்டுக் கூடு கண்டால் நாமே தீப்பந்தம் ஏந்தாமல் தீயணைப்புத் துறையினரை அழைப்போம்.

அன்று நான் வண்டியில் அமர்ந்து ஓதிக்கொண்டே சென்றேன். மருத்துவமனையில் ஊசி போட்ட சிறிது நேரத்தில் பிள்ளையின் மூச்சு சீரடைந்தது. அல்ஹம்துலில்லாஹ்! சங்கிலி இன்றுவரை கிடைக்கவில்லை. அதைப் பற்றி யாரேனும் கேட்டால் அத்தாயார் சொல்வது ஒன்றே: "சங்கிலி போனா போகட்டும், எம்புள்ள கிடைச்சிட்டான்."